வார இறுதியை எப்படிக் கழிக்கிறீர்கள்? சைக்கிளில் பேஸ்பால் மைதானத்துக்கு

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் என்ன செய்கிறீர்கள், மால், காஸ்ட்கோ, பிறந்தநாள் விழா தவிர வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏப்ரல் பிறந்தால் செப்டம்பர் முடியும்வரை என்னிடம் ஒரே பதில்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பேஸ்பால் பார்க்கப் போவேன். குடியிருப்பது கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில். வடக்கே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆடும் ஆரக்கிள் பார்க் இருக்கிறது. இந்தப் பக்கம் சான் ஹோசேயில், அதே ஜயன்ட்ஸுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் அணியின் சின்ன மைதானம் இருக்கிறது. இரண்டுக்குமே சைக்கிள் போதும்.

கார் இருக்கும்போது ஏன் சைக்கிள்? காரில் வந்தவர்களின் மனசு ஏழாவது இன்னிங்ஸிலேயே பார்க்கிங்குக்குப் போய்விடுகிறது. நெரிசலுக்கு முன் கிளம்பிவிடலாம் என்று எழுந்துவிடுகிறார்கள். பேஸ்பாலில் அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. இங்கே ஓவர் கணக்கு கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். எதிரணியின் 27-வது அவுட்டை எடுக்கும்வரை ஆட்டம் யாருடையதும் இல்லை. ஐந்து ரன் பின்தங்கிய அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒவ்வொருவராக பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்) ஏறுவதை நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால், வெளியே உங்களை அவசரப்படுத்த எதுவும் காத்திருக்கக் கூடாது. சைக்கிள் எனக்குத் தருவது அந்த நிதானத்தைத்தான்.

ஆரக்கிள் பார்க்குக்குப் போகும்போது கால்ட்ரெயின், சான் ஹோசேக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஓடும் ரயில். 2024 செப்டம்பரிலிருந்து மின்சார ரயில்கள் ஓடுகின்றன, வார இறுதியில் அரை மணிக்கு ஒன்று. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. சைக்கிள் பெட்டியில் ஒரு ரேக்கில் நான்கு சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் இறங்கும் ஸ்டேஷன் பெயர் எழுதிய அட்டை தொங்கும். கடைசியில் இறங்குபவரின் சைக்கிள் உள்ளே, முதலில் இறங்குபவருடையது வெளியே. முன்பின் தெரியாதவர்கள் அட்டையைப் பார்த்து, "நீங்க எங்க இறங்குறீங்க?" என்று கேட்டு இடம் மாற்றிக்கொள்வார்கள். ஆட்டம் உள்ள நாளில் அந்தப் பேச்சு, இன்று யார் பந்து வீசுகிறார் என்பதில் போய் நிற்கும்.

கடைசி ஸ்டேஷனிலிருந்து மைதானம் கூப்பிடு தூரம். அங்கேயே சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள், இலவசமாக. சாப்பாடு கொண்டுபோகலாம் என்பதால் என் டப்பாவில் எப்போதும் புளியோதரைதான்.

2000-ல் திறந்த இந்த மைதானம் கடலை ஒட்டியே நிற்கிறது. வலப்பக்க எல்லை கம்பத்தருகே வெறும் 309 அடிதான். அதை ஈடுகட்ட உயரமான சுவர் எழுப்பி, ஜயன்ட்ஸின் மகத்தான ஆட்டக்காரர் வில்லி மேஸின் 24-ம் எண் சட்டைக்கு மரியாதையாக அதன் உயரத்தை 24 அடியாக வைத்தார்கள். அந்தச் சுவரைத் தாண்டிப் பறக்கும் பந்து நடைபாதையைக் கடந்தால் நேரே தண்ணீர். ஜயன்ட்ஸ் வீரர்களில் முதன்முதலில் அங்கே அடித்தவர் பாரி பாண்ட்ஸ், 2000 மே 1 அன்று. பந்து விழுமென்று துடுப்புப் படகுகளில் இன்றும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சுவரின் அடியில் கம்பிவலை போட்ட வளைவுகள் உண்டு. வெளியே நடைபாதையில் நின்றபடி, டிக்கெட் இல்லாமலே, ரைட் ஃபீல்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆட்டம் பார்க்கலாம். கூட்டம் அதிகமானால் மூன்று இன்னிங்ஸ் முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். டிக்கெட் விலை ஏறிய நாட்களில் நான் நிற்பது இங்கேதான். வழிப்போக்கர்களுக்காகவும் ஓர் இடம் ஒதுக்கிக் கட்டிய அந்த மனசுக்காகவே இந்த மைதானத்தை எனக்குப் பிடிக்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேஸ்பால் முதலில் ஒன்றும் நடக்காத ஆட்டமாகத் தெரியலாம். ஸ்கோர் தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். பந்து வீசும் பிட்சருக்கு 1, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு 2 என்று ஒன்பது பேருக்கும் எண் உண்டு. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (6) பந்தை எடுத்து, இரண்டாவது பேஸ்காரருக்கு (4) எறிந்து, அங்கிருந்து முதல் பேஸ்காரருக்குப் (3) போய் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3. எழுத ஆரம்பித்ததும் கண் தானாகவே பந்தை விட்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கும். 19-ம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு முறைக்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அந்தத் தாள் நமக்குச் சட்டென்று பழகிவிடுவதில் ஆச்சரியமில்லை.

திரும்பும் வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஞாயிறு ஆட்டங்கள் பெரும்பாலும் மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கும். 2023-ல் பந்து வீச நேரக்கெடு கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடிய ஆட்டம், 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. நாலு மணிக்கு வெளியே வந்தால் கோடையில் இருட்ட இன்னும் நான்கு மணி நேரம் கிடக்கிறது. அந்த நேரத்தில் ரயிலில் நிற்க இடமிருக்காது. காற்றும் வடமேற்கிலிருந்து வீசும், தெற்கே போகிறவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவதுபோல. அதனால்தான் போகும்போது ரயில், வரும்போது சைக்கிள் என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தெருப் பாலம் தாண்டி, பேவியூ வழியாக கேண்டில்ஸ்டிக் முனைக்கு வந்தால் காற்றின் முழு பலமும் தெரியும். 1960 முதல் 1999 வரை ஜயன்ட்ஸ் ஆடியது இங்கேதான். 1961 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் ஸ்டூ மில்லர் பந்து வீசத் தயாராக நின்றபோது, காற்று அவரை அசைத்துவிட்டது. அதற்கு 'பாக்' என்று அம்பயர் அபராதம் கொடுத்தார். மைதானத்தை 2015-ல் இடித்துவிட்டார்கள். அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றால், நாற்பது வருஷம் இந்தக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்த ரசிகர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. பிறகு பிரிஸ்பேன் என்ற இங்குள்ள சிற்றூர், ஆய்ஸ்டர் பாயின்ட், விமான நிலையத்தைச் சுற்றி மில்பிரே. 25 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள் தடம் சில இடங்களில் அறுந்து சாலையில் ஓட வேண்டிவரும். கால் ஓய்வு கேட்டால் அங்கே ரயில் ஏறலாம். கேட்காவிட்டால் கயோட்டி பாயின்ட், ஃபாஸ்டர் சிட்டி என்று கரையோரமாகவே ரெட்வுட் சிட்டி வரை போவேன்.

ஓக்லாந்தையும் சொல்ல வேண்டும். சான் ஹோசேயின் பெர்ரியெஸ்ஸா ஸ்டேஷனில் பார்ட் ரயிலில் சைக்கிளோடு ஏறி, ஓக்லாந்தின் கொலிசியம் மைதானத்துக்குப் போன சனிக்கிழமைகளும் உண்டு. 1968 முதல் அங்கே ஆடிய ஏ'ஸ் அணி 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம் ஆடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது. அந்த மைதானத்தில் முரசு அடித்த ரசிகர்களுக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதல் தடவை போக நினைப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு, சான் ஹோசேயில் தொடங்குங்கள். குவாடலூப் ஆற்றுத் தடத்தில் டவுன்டவுன் வரை கார் தொல்லை இல்லாமல் வரலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் தெருச் சவாரி. 1942-ல் கட்டிய சின்ன மைதானம், எந்த இருக்கையிலும் பந்து மட்டையில் படும் சத்தம் காதில் விழும். ஜயன்ட்ஸ் அணியை எட்டுமுன் இன்னும் மூன்று படி கடக்க வேண்டிய பையன்கள் ஆடுவார்கள். 2009-ல் பஸ்டர் போஸியும் மேடிசன் பம்கார்னரும் இங்கே ஆடினார்கள். அடுத்த வருஷமே ஜயன்ட்ஸோடு 'வேர்ல்ட் சீரிஸ்' என்ற லீக் இறுதித் தொடரை வென்றார்கள். ஆட்டத்துக்கு முன்பே போய்விட்டால் வேலியோரம் நின்று பிள்ளைகள் கையெழுத்து வாங்கலாம். மாலை ஆட்டமென்றால் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள். ஆற்றுத் தடத்தில் இருட்டிய பிறகு வெளிச்சம் கிடையாது, திரும்பும்போது தெரு வழியாகவே வந்துவிடுங்கள்.