நாய்க்குக் கண்புரை வந்தால் லென்ஸ் மாற்ற முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், 9 வயது நாய்க்குக் கண் வெளுத்துவிட்டது, மனிதர்களுக்குப் போல லென்ஸ் வைக்கலாமா என்று. வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அது புரைதானா என்று பாருங்கள், ஏனென்றால் ஏழெட்டு வயதுக்கு மேல் லென்ஸின் நடுப்பகுதி இறுகி நீலச் சாம்பல் நிறமாகத் தெரிவது சாதாரணம், அதில் பார்வை பெரிதாகக் குறையாது, அறுவை சிகிச்சையும் வேண்டாம்.

புரைதான் என்றால் சொட்டு மருந்தில் கரையாது, தயவுசெய்து அதில் மாதங்களை வீணாக்காதீர்கள். முழு மயக்கம் கொடுத்து, மீயொலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த லென்ஸை மூடியிருந்த மெல்லிய உறைப் பைக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைப்பார்கள். நாய்க்கான லென்ஸின் சக்தி சுமார் 41 டயாப்டர், மனிதர்களுக்கு வைப்பது பெரும்பாலும் 20-ஐ ஒட்டியது, அதனால் நம் லென்ஸ் அதற்குப் பொருந்தாது. சில கண்களில் லென்ஸ் வைக்க முடியாமல் போகும், அப்போதும் நாய் நடமாடும், ஆனால் பார்வை மங்கலாக இருக்கும், கிட்டத்தில் இருப்பது இன்னும் மங்கலாகத் தெரியும்.

விழித்திரை வேலை செய்கிறதா என்று முன்பே சோதிக்க வேண்டும், அது செத்திருந்தால் லென்ஸ் மாற்றிப் பயனில்லை. சர்க்கரையும் பாருங்கள், சர்க்கரை நோயுள்ள நாய்களுக்குப் புரை வெகு வேகமாக வரும்.

முதலில் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள், தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் வீட்டில் வாரக்கணக்கில் சொட்டு மருந்து, கழுத்தில் கூம்புப் பட்டை. அதை ஒழுங்காகச் செய்ய வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.