விமர்சனத்துக்கு ‘அசால்ட்’ பொருந்துமா?

வணக்கம். அமைச்சரை அவருடைய உரைக்காக விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர் என்பதை ஆங்கிலத்தில் எழுத ‘அசால்ட்’ என்ற வினை சரியா எனக் கேட்டிருந்தீர்கள். அங்கே ‘அட்டாக்’ என்றே எழுதுங்கள். ‘அசால்ட்’ மனிதரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது உடல்மீதான வன்முறையை, சில சூழல்களில் பாலியல் வன்முறையையும், குறிப்பதால், உங்கள் வாக்கியம் அந்த விமர்சகர்கள்மீது குற்றம் சுமத்துவதாகவே படிக்கப்படும். ஆகவே இதில் மிகுந்த கவனம் தேவை. கடும் நாற்றம் மூக்கைத் தாக்கியது என்பதுபோல் புலன்களைப் பற்றி எழுத ‘அசால்ட்’ பொருந்தும். நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவான ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலோ (காமன் லா), அடியே விழாவிட்டாலும், இப்போதே அடிக்கப்போகிறார் என்ற அச்சத்தை ஒருவருக்கு வேண்டுமென்றே ஏற்படுத்துவது ‘அசால்ட்’ ஆகும். உடலைத் தொட்டுத் தாக்குவது ‘பேட்டரி’ எனப்படும். ‘அட்டாக்’, ‘அசால்ட்’ இரண்டுக்கும், பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும், பின்னால் ‘ஆன்’ (on) என்ற சொல்லைச் சேருங்கள்.