வேதியியல் ஆராய்ச்சிக்குத் தனியார் அறக்கட்டளைகளின் பணம் அவசியமா? அரசு நிதியே போதாதா?

போதாது. தொகையை வைத்து இதைச் சொல்லவில்லை. மொத்தத் தொகையில் அரசோடு அறக்கட்டளைகள் போட்டி போடவே முடியாது. கரிம வேதியியல் ஆய்வகத்தில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் நான் கவனித்தது வேறு: அந்தச் சின்னப் பணம் எப்போது வருகிறது, எதற்குச் செலவு செய்ய விடுகிறார்கள் என்பது.

அரசு நிதிக்கு விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது முதற்கட்ட முடிவுகளை. சரி, அந்த முடிவுகளைப் பெற வினைபொருள் வேண்டும், கரைப்பான் வேண்டும், வேலை செய்ய ஒரு மாணவர் வேண்டும். அதற்குக் காசு எங்கிருந்து வரும்? புதிதாக ஆய்வகம் தொடங்கிய இளம் பேராசிரியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொன்று, மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் கருவி வாங்க நிதி கிடைத்துவிடும். அதன் காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் நிரப்ப யாரும் தரமாட்டார்கள். (நன்கொடையாளர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. கட்டடம் என்றால் பெயர்ப்பலகை வைக்கலாம், ஹீலியத்தில் என்ன வைப்பது?)

அமெரிக்காவின் டிரைஃபஸ் அறக்கட்டளை இளம் வேதியியலாளர்களுக்குத் தரும் 1,00,000 டாலர் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பிரித்து முன்கூட்டியே எழுதித் தர வேண்டாம்; ஆய்வில் எங்கே தேவையோ அங்கே போடலாம். செயற்கை இழை செய்யப் பயன்படும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் பணம் சம்பாதித்த கமில் டிரைஃபஸ், தம்பி ஹென்றியின் நினைவாக 1946-இல் தொடங்கியது இது. இத்துறையில் இப்படி வேதியியலில் ஈட்டியதை வேதியியலுக்கே திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. புகையிலிருந்து துகள்களைப் பிரிக்கும் நிலைமின் வீழ்படிவாக்கியைக் கண்டுபிடித்த ஃபிரெடெரிக் காட்ரெல், காப்புரிமைகளையே கொடுத்து 1912-இல் ஆய்வுக்கு நிதி தரும் ரிசர்ச் கார்ப்பரேஷனை உருவாக்கினார். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் திண்டாடிய நண்பருக்காக அர்னால்ட் பெக்மன் செய்த கருவிதான் பின்னாளில் பிஎச் மீட்டராக விற்பனைக்கு வந்தது. அந்தத் தொழிலில் சேர்ந்த செல்வத்தில் உருவான அறக்கட்டளை இன்றும் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிறது.

இனி எனக்கு உறுத்தும் பக்கம். கொடுப்பவரின் விருப்பம்தான் சட்டம். எண்ணெயிலும் கந்தகத்திலும் பணம் சேர்த்த ராபர்ட் வெல்ச்சின் பெயரில் 1954-இல் வந்த அறக்கட்டளையின் ஆய்வு மானியம் டெக்சாஸ் மாநிலத்துக்குள் மட்டும்தான். அதே ஆள், அதே ஆய்வு, பக்கத்து மாநிலத்துக்கு மாறிவிட்டால் கிடையாது.

பணம் ஆய்வின் திசையையும் திருப்பும். 1930-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கனிமங்களின் படிக அமைப்பில் மூழ்கியிருந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் அறிவியல் நிதியைக் கவனித்த வாரன் வீவருக்கோ உயிரியல் சார்ந்த வேதியியலில்தான் ஆர்வம். பாலிங், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் பக்கம் நகர்ந்தார். 1949-இல் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள வேறுபாடே என்று அவரது குழு காட்டியது. இந்தத் திருப்பம் நல்லதாய் முடிந்தது, சந்தோஷம். ஆனால் எல்லாரும் பாலிங் இல்லை, பணம் வைத்திருக்கும் எல்லாரும் வீவரும் இல்லை.

என்னைக் கேட்டால், பெரிய விருதுகளுக்குப் போகும் பணத்தைத்தான் முதலில் குறைப்பேன். வெல்ச் அறக்கட்டளை தரும் வெல்ச் விருது 5 லட்சம் டாலர். வாழ்நாள் சாதனைக்கான கௌரவம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அதைப் பெறுபவரிடம் பெரும்பாலும் நல்ல ஆய்வகம் ஏற்கெனவே இருக்கும். அதே பணத்தைப் பிரித்தால், முதற்கட்ட முடிவுக்காகக் காத்திருக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் தரலாம்.