கீழ்மாடி மீட்டர்கள் ஏன் பேசவில்லை?

கேள்வி: ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் ஒன்பது மாடிகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. எல்லா வீட்டுக்கும் பிளம்பிங் டக்டில் (குழாய்கள் போகும் சந்து) லோராவான் தண்ணீர் மீட்டர், அதாவது ரீடிங்கை ரேடியோ அலையில் தானே அனுப்பும் மீட்டர், பொருத்தியிருக்கிறோம். மொட்டை மாடியில், அந்த ரீடிங்குகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் கேட்வேயும் 8 டிபிஐ ஆன்டெனாவும். மேல்மாடிகளில் ரீடிங் ஒழுங்காக வருகிறது. கீழே பாதி மீட்டர் வருவதில்லை. இன்னும் பெரிய ஆன்டெனா போடலாமா?

பதில்: வேண்டாம், நிலைமை மோசமாகும். நிமிர்ந்து நிற்கும் கம்பி ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். நேர் கீழே ஏறக்குறைய செவிடு. கெயின், அதாவது சிக்னலைக் குவிக்கும் திறன் (டிபிஐ எண் இதுதான்), ஏற ஏற அந்த வீச்சு தோசை போலத் தட்டையாகும். 8 டிபிஐ பக்கத்துத் தெருவுக்கு உதவும், உங்கள் டக்டுக்கு உதவாது. போதாததற்கு, மாடிக்கு மாடி கம்பி கட்டிய கான்கிரீட் தளம் சிக்னலைத் தின்கிறது.

2 அல்லது 3 டிபிஐ ஆன்டெனா வாங்குங்கள். கேட்வேயை நான்காம் மாடிக்கு இறக்கி, டக்ட் கதவுக்கு எதிரே நடைபாதைச் சுவரில் தற்காலிகமாக மாட்டி இரண்டு நாள் பாருங்கள். கரன்ட் இல்லாமல்தான் ஆன்டெனாவைக் கழற்ற வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் உள்ளே பவர் ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிடலாம். அப்போதும் ஸ்டில்ட் பக்கம் விடுபட்டால் அங்கே இன்னொரு கேட்வே வையுங்கள். ஒரே ரீடிங் இரண்டு வழியாக வந்தாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆன்டெனா வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் லோராவான் மீட்டர்கள் 865–867 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. 868 என்று அச்சிட்டது பொருந்தும். 433-ம், வைஃபை ஆன்டெனாவும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பயனில்லை. ஆன்டெனாவைத் திருகும் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டர்களும் அப்படித்தான்: மரை சுகமாக ஏறும், நடுவே ஊசி தொடாது. திருகுமுன் இரு பக்கமும் எட்டிப் பாருங்கள்: ஒன்றில் ஊசி, எதிரில் துளை இருக்க வேண்டும்.

கேபிளில் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் அரை டெசிபல் விழுங்கும். பத்து மீட்டர் போட்டால் ஆன்டெனாவின் கெயினே போய்விடும். கேட்வேயை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, நீளத்தை ஈதர்நெட் கேபிளில் எடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், பிஓஇ இருந்தால் கரன்டும் அதிலேயே போகும்.

ஒரே மாடியில் ஒரு மீட்டர் மட்டும் அடம்பிடித்தால் டக்டைத் திறந்து பாருங்கள். இந்த அலைவரிசையின் அலைநீளம் சுமார் 35 செ.மீ. அதில் கால்பங்கு, அதாவது 9 செ.மீ.க்குள் ஜிஐ குழாயோ இரும்புக் கதவோ இருந்தால் மீட்டரின் ஆன்டெனா சுருதி தப்பும். முடிந்தால் டக்ட் கதவை பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். மீட்டரின் சீலை மட்டும் உடைக்காதீர்கள்.

கடைசியில் சர்வர் திரையில் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் வலு), எஸ்எஃப் (செய்தியை எவ்வளவு மெதுவாக நீட்டி அனுப்புகிறது என்ற எண்) இரண்டையும் மீட்டர்வாரியாகப் பாருங்கள். எஸ்எஃப்7 மைனஸ் 7.5 டெசிபல் வரையும், எஸ்எஃப்12 மைனஸ் 20 வரையும் தாங்கும். ஆனால் எஸ்எஃப்7-ல் சுமார் 60 மில்லிசெகண்டில் முடியும் சிறு செய்தி, எஸ்எஃப்12-ல் ஒன்றரை செகண்ட் ஓடும். பேட்டரி அதற்கேற்பக் கரையும். சிக்னலைப் பார்த்து எஸ்எஃப்பைச் சரிசெய்யும் ஏடிஆர் வசதியை இயக்கினால் கேட்வே இடம் மாறிய பின் எஸ்எஃப் தானாக இறங்கும். சர்வர் பொதுவாகக் கடைசி 20 செய்திகளைப் பார்த்தே முடிவெடுப்பதால், நாளுக்கு ஒருமுறை ரீடிங் அனுப்பும் மீட்டருக்கு மூன்று வாரம் பொறுங்கள்.