பல் உதிரும் கனவும் திரும்பிப் பார்க்காத அப்பாவும்

கேள்வி: எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. இரண்டு மாதமாக ஒரே கனவு அடிக்கடி வருகிறது. எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் இறந்த அப்பா, திண்ணையில் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட வாயைத் திறந்தால் பற்கள் உதிர்ந்து உள்ளங்கையில் விழுகின்றன. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறேன். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. விழித்தால் மணி நான்கு. பல் விழுந்தால் வீட்டில் சாவு வரும், அதிலும் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார் மாமியார். மாமனாருக்கு உடம்பு சரியில்லாத நேரம் இது. ஊர் வீட்டை விற்கத் தம்பிகள் முடிவு செய்துவிட்டார்கள், அடுத்த மாதம் பத்திரப்பதிவு. மற்றபடி எந்தக் குறையும் இல்லை. அப்பா ஏன் திரும்பவில்லை என்று பகலெல்லாம் யோசிக்கிறேன். இதற்கு என்ன பொருள்? பரிகாரம் செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கனவால் உங்கள் மாமனாருக்கு எதுவும் நேராது. விடியற்காலைக் கனவுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. கண்கள் வேகமாக அசையும் ‘ரெம்’ உறக்கம் 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது; கோர்வையான, உணர்ச்சி மிகுந்த கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வருகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பும் அந்த நிலை, இரவின் முற்பகுதியில் சில நிமிடங்களே நீடித்து, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ஆகவே விடியற்காலைக் கனவு நீளமாக இருக்கும், பாதியில் விழிப்பு வந்தால் மறக்காமலும் இருக்கும். மறக்காத கனவைத்தானே பிறகு நடந்ததோடு பொருத்திப் பார்க்க முடியும்?

இனிப் பொருளுக்கு வருவோம். பல்லுக்கு இது, பாம்புக்கு இது என்று அகராதி போல அடுக்கும் கனவுப் பலன் நூல்களால் உங்களுக்குப் பயனில்லை என்பது என் கருத்து. ஒரு சின்னம் இன்னாருக்கு இன்ன பொருள் தரும் என்பதை அவரவர் வாழ்க்கைதான் முடிவு செய்கிறது. 2004இல் நாகப்பட்டினம் கடற்கரையில் இருந்தவர் கனவில் தண்ணீரைக் கண்டால் அது நேரடி நினைவாகவே இருக்கலாம். வெள்ளத்தையே பார்த்திராதவருக்கு அது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், தீ விபத்திலும் தாக்குதலிலும் தப்பியவர்கள், அந்தச் சம்பவத்தில் தண்ணீரே இல்லாதபோதும், பேரலை தங்களை அடித்துச் செல்வதாகக் கனவு காண்பதைக் கவனித்து எழுதினார். தாங்க முடியாத ஓர் உணர்ச்சி தனக்குப் பொருத்தமான படத்தைத் தேடிக்கொள்கிறது என்பது அவர் கணிப்பு. ரெம் உறக்கத்தில் மூளையின் உணர்ச்சி மையங்கள் மும்முரமாக இயங்க, தர்க்கத்தைக் கவனிக்கும் நெற்றிப்புறப் பகுதி அடங்கியிருக்கிறது என்ற பிற்கால மூளைப் படமெடுப்பு ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன.

எனவே கனவைப் படிக்கும்போது உணர்ச்சியிலிருந்து தொடங்கிப் படத்துக்கு வாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லும்போதும், கனவினால் தன் நெஞ்சு ஐயுறுகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெருநகரையும் பழியையும் பற்றிப் பேசுகிறாள். (குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் குறை நீங்கும் என்று தேவந்தி சொல்வதை, அது பெருமை அன்று என அவள் மறுத்துவிடுவதையும் பரிகாரம் பற்றிக் கேட்டதால் நினைவூட்டுகிறேன்.)

உங்கள் கடிதத்தை இந்த முறையில் இரண்டாம் தடவை படித்தபோது, பற்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்ட நீங்கள், அப்பா திரும்பாததை மட்டும் இரண்டு முறை எழுதியிருப்பதைக் கண்டேன். சாவு பற்றிய பயம் மாமியார் சொன்ன பிறகு வந்தது. கனவுக்குள் நீங்கள் செய்ததோ வாயை மூடிக்கொண்டது. அது பெரும்பாலும் கூச்சத்தின் அல்லது குற்ற உணர்வின் அசைவு. வீட்டு விற்பனையையும் “மற்றபடி குறையில்லை” என்பதற்கு முந்தைய வரியில் செய்தி போலச் சொல்லிப் போயிருக்கிறீர்கள். தம்பிகள் முடிவு செய்தார்கள் என்கிறீர்களே, உங்களிடம் கேட்டார்களா? கேட்டபோது சொல்ல நினைத்ததைச் சொன்னீர்களா? மூழ்கும் வீடு, பேச முடியாத வாய், முகம் காட்டாத அப்பா ஆகிய மூன்றையும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்வது ஊகமே. படிக்கையில் “ஆமாம்” என்று உள்ளே ஏதோ அசைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கனவு கண்டவருக்கு ஒட்டாத விளக்கம், எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், தவறான விளக்கமே.

பல்லை மட்டும் சின்னமாகப் பார்க்காமல் பல்லாகவும் பாருங்கள். 2018இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், பல் கனவுகள் மன உளைச்சலைவிட, விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரும் இறுக்கத்தோடுதான் தொடர்பு காட்டின. காலையில் தாடை வலித்தால், உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வேறு சிலவற்றையும் சரிபாருங்கள். இரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ தரப்படும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் சில மனச்சோர்வு மருந்துகளும் தீவிரமான கனவுகளைத் தூண்டக்கூடும். அப்படி ஏதேனும் எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கனவுக்குப் பயந்து தூங்காமல் இருப்பது, பகல் வேலை கெடுவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மருந்தில்லாத ஒரு முறை இருக்கிறது. கனவைப் பகலில், விழிப்பில், விருப்பம்போல் மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பதுதான் அது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் பாரி கிராக்கோவும் உடனாய்வாளர்களும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையால் கெட்ட கனவுகள் குறைந்தன. எந்த இடத்தில் மாற்றுவது என்பது உங்கள் விருப்பம்: தண்ணீர் வடியலாம், பற்கள் வாயிலேயே இருக்கலாம். அப்பா திரும்புவதாக எழுதினால், அவர் சொல்லப்போகும் வார்த்தையை உங்களுக்காக நான் எழுதித் தரக் கூடாது. பத்திரப்பதிவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுத முடியுமா என்று பாருங்கள்.