மூலப் பாடலைவிட அதிகமாக உங்களை உலுக்கிய கவர் பாடல் எது? ஏன்?

லண்டனைச் சேர்ந்த காயில் என்ற குழு 1985ல் வெளியிட்ட 'டெய்ன்டட் லவ்'. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்லும் பதில் இதுதான்.

பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சாஃப்ட் செல் பாடிய 1981 வடிவம். சிந்தசைசரை வைத்துச் செய்யும் சிந்த் பாப் வகையில், எண்பதுகளின் தொகுப்பு எதைத் திறந்தாலும் அது இருக்கும். 'டொங் டொங்' என்று எலக்ட்ரானிக் தட்டு இரண்டு, கீழே விடாமல் ஓடும் பேஸ், மேலே மார்க் ஆல்மண்டின் கொஞ்சம் அழுகை கலந்த குரல். வரிகளைக் கவனிக்காதவரை கல்யாண ரிசப்ஷனில் போட்டால்கூட யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வரிகளில் இருப்பது ஒரு கெட்டுப்போன காதல். பாடுகிறவனுக்கு ராத்தூக்கம் இல்லை, படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறான், இங்கிருந்து ஓடிவிட்டால் போதும் என்கிறான், தன்னைத் தொட வேண்டாம் என்கிறான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சாஃப்ட் செல் பாடியதே ஒரு கவர்தான் என்பது பலருக்கும் தெரியாது. எட் காப் எழுதி, குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி பாடி, 1965ல் ஒரு சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டு) பின்பக்கத்தில் வந்த பாட்டு அது. சொந்த ஊரில் யாரும் சீந்தவில்லை. எழுபதுகளில் வட இங்கிலாந்து கிளப்புகளில் நார்தர்ன் சோல் என்று ஒரு மோகம் இருந்தது. சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையில் ஓடாமல் போன ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து வந்து, விடிய விடிய போட்டு ஆடுவார்கள். அப்படித்தான் இந்தப் பாட்டுக்கு இரண்டாவது உயிர் வந்தது. சாஃப்ட் செல்லின் டேவ் பால் அந்த இசையில் ஊறியவர். லீட்ஸ் பாலிடெக்னிக்கில் கலை படிக்கப் போன இடத்தில் அவரும் ஆல்மண்டும் சேர்ந்தார்கள். குளோரியா ஜோன்ஸ் டிரம்ஸும் ஊதுகருவிகளும் அதிர, மூச்சுவிடாமல் பாடித் தள்ளியதை இவர்கள் வேகம் குறைத்து, சுருதி இறக்கி, சிந்தசைசரும் டிரம் மெஷினுமாக மாற்றினார்கள். தயாரிப்பாளர் மைக் தார்ன். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 43 வாரம் நின்றது. அந்தக் காலத்தில் அது சாதனை. கொடுமை என்னவென்றால், சிங்கிளின் மறுபக்கத்திலும் சுப்ரீம்ஸ் குழுவின் பாட்டு ஒன்றையே பாடி வைத்திருந்தார்கள். உலகமே வாங்கிய ஒரு ரெக்கார்டில் பாடலாசிரியர் ராயல்டி என்று இவர்களுக்குச் சல்லிக்காசு வரவில்லை.

சரி, காயிலுக்கு வருவோம். ஜான் பேலன்ஸ், பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் இருவரும்தான் குழு. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். இருவரும் வாழ்க்கையிலும் இணையர். கிறிஸ்டோஃபர்சன் ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் பிங்க் ஃபிளாய்ட் போன்ற பெரிய குழுக்களின் ஆல்பம் அட்டைகளில் வேலை செய்தவர். அதோடு த்ராபிங் கிரிஸல் குழுவின் நான்கு பேரில் ஒருவர். அந்தக் குழு நடத்திய ரெக்கார்டு நிறுவனத்தின் பெயர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். இயந்திர ஓசைகளை இசையாக்கும் காயில் போன்ற குழுக்களின் இசை வகைக்கே இண்டஸ்ட்ரியல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். ஆக, இன்றைக்கு அந்த வகையில் இரும்பு உரசும் கிடாரையும் கத்தலையும் எதிர்பார்த்து வருகிறவர்கள், அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் என்ன செய்தார் என்று இங்கே பார்க்கலாம். கிடாரும் கிடையாது, கத்தலும் கிடையாது.

என் தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "ப்ளேபேக் ஸ்பீடு மாறிக் கிடக்கு, பாருண்ணா" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் காதில் விழுவது அந்த வேகம்தான். சாஃப்ட் செல் வடிவம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 144 தட்டு. காலாட்டாமல் கேட்க முடியாது, இரண்டரை நிமிடம் தாண்டியதும் முடிந்தும்விடும். அதே பாட்டுக்குக் காயில் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆடுவதற்கான தாளத்தை மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மணி அடிக்கிறது, தேவாலயத்தில் இழவுக்கு அடிப்பது போல ஒவ்வொன்றாக. அடியில் ஒரு கனத்த ஸ்வரம் நகராமல் நிற்கிறது. நடுநடுவே ஒரு ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் சேர்ந்து ஒரே அடி அடித்தது போல ஓசை விழுகிறது. விழுந்த பிறகு அடுத்தது எப்போது என்று தெரியாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் அந்தக் காத்திருப்பில் நம் மூச்சுச் சத்தம் நமக்கே கேட்கும்.

அதற்கு மேல் பேலன்ஸின் குரல். பாடுகிறார் என்பதைவிட, பேசத் தெம்பில்லாதவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார் என்றால் சரியாக இருக்கும். ஆல்மண்டின் குரலில் ஒரு நாடகம் உண்டு. கோபித்துக்கொள்வார், கெஞ்சுவார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலைக் காட்டுவார். இங்கே அந்தத் தெம்பு இல்லை. மெட்டு அதுதான், சொற்களும் அவைதான். ஊர்வலத்தில் நையாண்டி மேளத்துக்குக் கேட்ட மெட்டை யாரோ சாவு வீட்டில் ஒப்பாரியாக இழுப்பது போல இருக்கிறது.

இது வெறும் உத்தியாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். எந்தப் பாட்டையும் பாதி வேகத்தில் ஓட்டி எதிரொலி சேர்த்தால் பயமுறுத்தலாம். திரைப்பட டிரெய்லர்கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. காயில் செய்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள அன்றைய லண்டன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

1982 ஜூலையில் டெரி ஹிக்கின்ஸ் என்பவர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். எய்ட்ஸால் பிரிட்டனில் இறந்ததாகத் தெரியவந்த முதல் சிலரில் ஒருவர், வயது 37. அவருடைய துணைவரும் நண்பர்களும் சேர்ந்து அவர் பெயரில் ஆரம்பித்ததுதான் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நகரத்தின் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு நண்பர்களைப் புதைப்பது பழகிப்போன வேலையாகத் தொடங்கியது. மருந்து கிடையாது, முதல் மருந்தான ஏ.இசட்.டி. வருவதற்கு 1987 ஆகிவிட்டது. தொட்டால் ஒட்டுமா, அவர்கள் குடித்த கோப்பையில் குடிக்கலாமா என்று படித்தவர்களே பயந்தார்கள். 'செய்த பாவத்துக்குக் கிடைத்தது' என்ற தொனியில் எழுதிய பத்திரிகைகளுக்கும் குறைவில்லை. அறியாமையால் சாகாதீர்கள் என்று பிரிட்டன் அரசு வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பியதும் 1987ல்தான். (நம் ஊருக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் கண்டுபிடித்தது 1986ல்.)

காயில் இந்த சிங்கிளை வெளியிட்டது அந்தப் பிரசுரத்துக்கெல்லாம் முன்னால். லாபம் முழுக்க டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்டுக்கு என்று அறிவித்தார்கள். எய்ட்ஸ் நிதிக்காக வெளிவந்த முதல் இசைத்தட்டு என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். டியான் வார்விக், எல்டன் ஜான், கிளாடிஸ் நைட், ஸ்டீவி வொண்டர் நால்வரும் சேர்ந்து பாடி அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நிதி திரட்டிய பாட்டு அதே 1985ன் கடைசியில் வந்தது. அது நண்பர்களை அணைத்துக்கொள்ளும் இதமான பாட்டு, வானொலிக்கென்றே செய்தது. காயிலின் பாட்டை எந்த வானொலி போடும்? விற்பனைப் பட்டியல் பக்கமே அது போகவில்லை.

இப்போது மேலே சொன்ன வரிகளுக்குத் திரும்புங்கள். இரவெல்லாம் தூங்காமல் புரளும் ஆள், சாஃப்ட் செல்லில் காதலியோடு, அல்லது காதலனோடு, சண்டை போட்டவன். காயிலில் அவன் காய்ச்சலில் கிடக்கிறான். இரவில் உடம்பு வியர்த்துக் கொட்டுவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. ஓடிவிட வேண்டும் என்கிறான், எழுந்து நிற்க முடியாது. தன்னைத் தொட வேண்டாம் என்கிற இடம் வரும்போது, அதைச் சொல்வது நோயாளியா, நோயாளியைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டவரா என்று சொல்ல முடியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அதுதான். அறுபதுகளில் ஒருவர் பிரிவுத் துயரத்துக்கு எழுதிய வரி, இருபது வருடம் கழித்து ரத்தத்தைப் பற்றிய வரியாகிவிட்டது. அதற்காக யாரும் அதில் புதிதாக எதையும் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள், அவ்வளவே. வேகமாகப் போனபோது காதில் படாமல் நழுவியதெல்லாம் மெதுவாகப் போகும்போது நின்று முகத்தைக் காட்டுகிறது.

வீடியோவை கிறிஸ்டோஃபர்சனே இயக்கினார். நோய்ப்படுக்கை, பக்கத்தில் சாவு. அந்த மரண தேவதையாக வருவது யார் தெரியுமா? மார்க் ஆல்மண்ட். நாலு வருடத்துக்கு முன்னால் இதே பாட்டை உலகமெங்கும் ஆட வைத்தவர், இங்கே ஒரு வார்த்தை பாடாமல் வந்து போகிறார். தன் பெரிய ஹிட்டை வேறு ஒருவர் சாவுப் பாட்டாக மாற்றும்போது கூடவே வந்து நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கவருக்கு அவர் கொடுத்த ஆசீர்வாதமே அதுதான். அடுத்த ஆண்டு காயிலின் 'ஹார்ஸ் ரோட்டர்வேட்டர்' ஆல்பத்திலும் அவர் குரல் கொடுத்தார். இந்த வீடியோ பிற்பாடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பில் சேர்ந்தது.

சாவை வைத்து வித்தை காட்டுகிறார்கள் என்று இதன் மேல் ஒரு குற்றச்சாட்டு சொல்வதுண்டு. வெளியே இருந்து ஒருவர் செய்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இவர்கள் இருவரும் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில் வாழ்ந்த ஓரினச் சேர்க்கையாளர்கள். நான் மேலே சொன்ன 'ஹார்ஸ் ரோட்டர்வேட்டர்' முழுவதிலும் அந்த நோய் கொண்டுபோன நண்பர்களின் நிழல் இருக்கிறது. அழகுபடுத்தி ஆறுதல் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை.

இண்டஸ்ட்ரியல் ஆட்கள் பழைய சிந்த் பாட்டுகளைக் கையில் எடுப்பது ஒன்றும் புதிதல்ல. டெபேஷ் மோடின் 'ஸ்ட்ரிப்ட்' பாட்டை 1998ல் ராம்ஸ்டைன் பாடியது எனக்குப் பிடிக்கும். நைன் இன்ச் நெயில்ஸ் 2000ல் எடுத்த கேரி நியூமனின் 'மெட்டல்' இன்னும் நன்றாக இருக்கும். மூலத்தில் இயந்திரம் மனிதனாக ஏங்குவதை அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் உள்ளே போய்ப் பிடித்திருப்பார். ஆனால் பெரும்பாலானவை மூலத்தின் மேல் கனத்த கிடாரை அப்பி, அடித்தொண்டையில் பாடினால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. 'டெய்ன்டட் லவ்' பாட்டையே மேரிலின் மேன்சன் 2001ல் ஒரு ஹாலிவுட் பள்ளிக்கூடக் காமெடிக்காகப் பாடினார். பிரிட்டனில் முதல் ஐந்துக்குள் வந்தது. கேட்டுப் பாருங்கள், சாஃப்ட் செல் போட்ட கோட்டைவிட்டு ஒரு அடி நகராது. மேலே தோல் ஜாக்கெட் மட்டும் புதிது. பார்ட்டிக்குக் குறை சொல்ல முடியாது.

கேட்க விரும்புகிறவர்கள் குளோரியா ஜோன்ஸில் ஆரம்பியுங்கள். அப்புறம் சாஃப்ட் செல், கடைசியில் காயில். 'ஸ்காட்டாலஜி' ஆல்பத்தின் சிடி பதிப்புகளில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த அடிநாதம் காணாமல் போய்விடும், ஹெட்போன் அவசியம். ஆபீஸில் மட்டும் வெளியே சத்தமாகப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து சீட்காரர் எழுந்து வந்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரிப்பார்.