பூஞ்சைக் கொல்லி மருந்துக்குத் தேன் மாற்றாகுமா? ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

இப்படி மாற்று மருந்தைத் தேடுவது நியாயமானதுதான். பூஞ்சைக்கு எதிரான மருந்து வகைகள் மிகக் குறைவு. 2009இல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்ட காண்டிடா ஆரிஸ் போன்ற பூஞ்சைகள், பரவலாகத் தரப்படும் ஃபுளுகொனசோல் என்ற மருந்துக்கே பெரும்பாலும் அடங்குவதில்லை.

சோதனையின் முதல் படி எளியது. அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் காண்டிடா பூஞ்சையைப் பரப்பி, சிறு குழி வெட்டி, அதில் தேனை விடுவார்கள். மறுநாள் குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராத தெளிந்த வளையம் தெரிந்தால் அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

அந்த வளையத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை. அதுவே நீரை இழுத்துப் பூஞ்சையை முடக்கிவிடும். ஆகவே அதே செறிவுள்ள சர்க்கரைக் கரைசலைப் பக்கத்துக் குழியில் வைத்தாக வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. கெட்டியான தேன் அகாரில் சரியாகப் பரவாது என்பதால், படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவையும் கண்டறிய வேண்டும். அங்கே ஃபுளுகொனசோலுக்கு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். தேனுக்கோ பல சதவீதம் தேவைப்படும். அவ்வளவு தேன் இரத்தத்தில் சேர வழியே இல்லை. அதனால் மேல்பூச்சாகத்தான் அதை ஆராய முடியும்.

அடுத்த தடை இன்னும் பெரிது. பூஞ்சையின் செல், பாக்டீரியாவைப் போலன்றி, நம் செல்லை ஒத்தது. அதைக் கொல்வது நம்மையும் தாக்கக்கூடும். ஆய்வகத்தில் கொல்வது மட்டுமே ஒன்றை மருந்தாக்கிவிடாது. 1987இல் ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் கண்டறிந்த மெகைனின் என்ற பொருள், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொன்றது. ஆனாலும் அதிலிருந்து உருவான பெக்சிகனான் களிம்புக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

மருத்துவர் தந்த மருந்தை, தயவுசெய்து, தேனை நம்பி நிறுத்தாதீர்கள்.